கடல் பயணக் கதை சொல்லிச் சின்னப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் படிப்பிப்பது எப்படி?

வீட்டிலோ ரியூஷனிலோ தரம் 4, 5 பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியிருக்கும் அம்மாமாருக்கும் அக்காமாருக்கும் இது. இறந்தகாலம் படிப்பிக்கக் கடல் பயணக் கதைகளை விட வசதியான பாடம் எனக்குக் கிடைத்ததில்லை. புறப்பட்டார்கள், போனார்கள், கண்டார்கள், சேர்ந்தார்கள் என்று கதை முழுக்க வினைச்சொல்தான். அதிலும் திருகோணமலைப் பிள்ளைகளுக்குக் காற்றையும் கடலையும் யாரும் விளக்க வேண்டியதில்லை. கச்சான் காற்று எந்த மாதம் அடிக்கும், வாடைக்காலத்தில் வள்ளங்கள் ஏன் கரையில் கிடக்கும் என்று அதுகளுக்கே தெரியும். அந்த அறிவைப் பாடத்துக்குள் இழுத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

தேவையானவை ஓர் உலகப் படம், சிவப்பு நூல், ஆளுக்கொரு கொப்பி.

முதலில் ஒரே ஒரு பயணம்

கொலம்பஸ், மகெல்லன், குக் என்று எல்லாரையும் ஒரே கிழமையில் கொட்டாதீர்கள். நான் போர்த்துக்கல் மாலுமி வாஸ்கோ ட காமாவில் தொடங்கச் சொல்வேன். அந்தப் பயணம் நம்முடைய சமுத்திரத்தில், நமக்குத் தெரிந்த காற்றில் வந்து முடிகிறது. 1497 ஜூலை 8ஆம் திகதி லிஸ்பனிலிருந்து நான்கு கப்பல்கள். 1498 மே 20ஆம் திகதி இந்தியாவின் கோழிக்கோட்டுக்கு (இங்கிலீஷில் காலிகட்) பக்கத்தில் நங்கூரம். தொடக்கத்துக்கு இந்த இரண்டு திகதிகளும் போதும், மனப்பாடம் செய்யச் சொல்ல வேண்டாம்.

அடுத்தது நூல்

படத்தைச் சுவரில் மாட்டாமல் நிலத்தில் விரியுங்கள், எல்லாரும் சுற்றி இருக்கட்டும். ஒரு பிள்ளை நூலின் நுனியை லிஸ்பனில் அழுத்திப் பிடிக்க, இன்னொரு பிள்ளை நூலை விட்டுக்கொண்டு போக வேண்டும். ஆபிரிக்கக் கரையை ஒட்டியபடியேதான் நூலைக் கொண்டுபோகப் பார்ப்பார்கள். அங்கே நிறுத்துங்கள். காமா அப்படிப் போகவில்லை. கேப் வெர்டே தீவுகளை விட்டதும் அட்லாண்டிக்கின் நடுவை நோக்கிப் பெரிய வளைவாகப் போனார். ஆகஸ்ட் தொடக்கத்தில் தீவை விட்டவர்கள் மறுபடி கரையைக் கண்டது நவம்பர் தொடக்கத்தில். மூன்று மாதம் கண்ணில் நிலமே படவில்லை.

நூலை வளைத்து வைத்துவிட்டு, ஏன் இந்தச் சுற்று என்று கேளுங்கள். கரையோரமாகத் தெற்கே போனால் காற்றும் எதிர், நீரோட்டமும் எதிர். ஆழ்கடலில் தெற்கே இறங்கிவிட்டால் மேற்கிலிருந்து வீசும் காற்று கப்பலை ஆபிரிக்காவின் முனைக்குத் தள்ளிக்கொண்டு போகும். கடற்றொழில் செய்கிற வீட்டுப் பிள்ளை ஒன்று இருந்தால் நீங்கள் வாய் திறக்கும் முன்பே இதைச் சொல்லிவிடும். சொல்லட்டும். வகுப்பில் பேசவே கூச்சப்படுகிற பிள்ளை அன்றைக்குத்தான் வாய் திறக்கும்.

இப்போது ஆறு வசனம்

"தே லெஃப்ட் லிஸ்பன்." "தே செயில்ட் சவுத்." "தே சோ நோ லேண்ட்." "த விண்ட் ஹெல்ப்ட் தெம்." "அ பைலட் கைடட் தெம்." "தே ரீச்ட் காலிகட்."

ஒவ்வொரு வசனத்தையும் நூலில் விரலை வைத்துக்கொண்டுதான் சொல்ல வேண்டும். விரல் நகராமல் வாய் மட்டும் நகர்ந்தால் அது பாராயணம். ஐந்தாவது வசனத்தை விட்டுவிடாதீர்கள். ஆபிரிக்கக் கரையில் மலிந்தியிலிருந்து இந்தியாவுக்கு வழிகாட்டியவர் அந்தக் கடலை ஏற்கெனவே அறிந்த ஒரு மாலுமி. நம் பக்கத்து ஆட்கள் காலங்காலமாக ஓடிய பாதை அது. பிள்ளைகளுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

ஆறும் பழகியபின் கேள்விக்குப் போங்கள். "வேர் டிட் தே கோ?" இங்கே பெரும்பாலான பிள்ளைகள் "டிட் தே வென்ட்" என்பார்கள். விதியை விளக்கிக்கொண்டு நிற்காமல் சரியான கேள்வியை நீங்கள் திரும்பத் திரும்பக் கேளுங்கள், காது பிடித்துக்கொள்ளும்.

காற்றைக் காட்டுங்கள்

ஒரு பேசினில் தண்ணீர், கடதாசிக் கப்பல் ஒன்று. பின்னாலிருந்து ஒரு பிள்ளை ஊதட்டும்: "வித் த விண்ட்." பிறகு அதே பிள்ளை முன்னாலிருந்து ஊத, இன்னொரு பிள்ளை கப்பலை விரலால் தள்ளிப் பார்க்கட்டும்: "அகெய்ன்ஸ்ட் த விண்ட்." அப்புறம் கதையைச் சொல்லுங்கள். மலிந்தியிலிருந்து கோழிக்கோட்டுக்குத் தென்மேற்குக் காற்றில் வர நாலு கிழமைகூட ஆகவில்லை. திரும்பும்போது காமா காற்று மாறும் வரை பொறுக்கவில்லை. 1498 ஒக்டோபர் தொடக்கத்தில் இந்தியக் கரையை விட்டவர்களுக்கு ஆபிரிக்காவைக் காண ஏறக்குறைய மூன்று மாதம் பிடித்தது. பழமும் மரக்கறியும் இல்லாமல் முரசு வீங்கி, ஸ்கர்வி நோயில் சுமார் 30 பேர் செத்துப்போனார்கள். ஓட்ட ஆளில்லாமல் ஒரு கப்பலைத் தாங்களே எரித்தார்கள். தேசிக்காய் இருந்திருந்தால் பிழைத்திருப்பார்களே என்று பிள்ளைகளே சொல்லும். "தே வேர் சிக்", "தே பேர்ன்ட் அ ஷிப்" என்ற வசனங்கள் அதன்பிறகு மறக்காது.

கிழமை நாட்களுக்கு மகெல்லன்

1519இல் ஐந்து கப்பல்கள் ஸ்பெயினிலிருந்து புறப்பட்டன. உலகைச் சுற்றி முடித்து 1522 செப்டெம்பரில் திரும்பியது விக்டோரியா என்ற ஒரே கப்பல், அதில் வந்தவர்கள் 18 பேர். மகெல்லன் அதில் இல்லை. பிலிப்பைன்ஸில் மக்டான் தீவு மக்களோடு நடந்த சண்டையில் 1521இலேயே இறந்துவிட்டார். வந்தவர்கள் கேப் வெர்டேயில் இறங்கியபோது, தங்கள் கணக்கில் புதன்கிழமையாக இருந்த நாள் கரையில் வியாழனாக இருந்தது. நாள் தவறாமல் எழுதிவந்தும் ஒரு நாளைக் காணவில்லை! மேற்கே மேற்கே போய் உலகைச் சுற்றியதால் அவர்கள் பார்த்த சூரிய உதயம் ஒன்று குறைவு. பாதிப் பிள்ளைகளைக் கப்பலிலும் பாதியைக் கரையிலும் நிறுத்தி "வாட் டே இஸ் இட்?" என்று கத்திக் கேட்கச் சொல்லுங்கள். கிழமை நாட்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி வேண்டாம்.

"ஐ" சொல்லிப் பழக நம் ஊர்க் கதை

ராபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர் நாடுகாண வந்தவரல்ல, வியாபாரக் கப்பலில் வந்தவர். ஆனாலும் அவரைச் சேர்த்துக்கொள்கிறேன், ஏனென்றால் அவர் பிடிபட்டது மூதூர்ப் பக்கம், நம் கொட்டியாரக் குடாவில். புயலில் பாய்மரம் போன கப்பலைத் திருத்த வந்த இடத்தில் 1660இல் கண்டி அரசனின் ஆட்கள் அவரையும் தகப்பனையும் பிடித்தார்கள். அப்போது அவருக்கு வயது 19. ஏறக்குறைய அதே அளவு வருடங்கள் கண்டி இராச்சியத்தில் இருந்துவிட்டு, 1679இல் மன்னார்ப் பக்கத்து அரிப்பு என்ற ஊரிலிருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குத் தப்பிப் போனார். "ஐ ஆம் ராபர்ட். ஐ ஆம் நைன்டீன். ஐ மிஸ் மை மதர்." குரலை மாற்றி நடிக்க விடுங்கள். மூதூருக்குப் போகும் வழியில் குடாவைக் காட்டி அதே வசனங்களைச் சொல்லச் சொன்னால் இன்னும் நல்லது.

கடைசியாகக் கப்பல் நாட்குறிப்பு

ஆளுக்கு ஒரு பக்கம். மேலே திகதி, நடுவில் ஒரு படம், கீழே நாலு வசனம். திருத்தும்போது வினைச்சொல்லை மட்டும் திருத்துங்கள். எழுத்துப் பிழை எல்லாவற்றுக்கும் சிவப்புக் கோடு போட்டால் அடுத்த கிழமை நாலு வசனம் இரண்டாகிவிடும்.

தரம் 6க்கு மேல் என்றால் குக்கின் என்டெவர் கப்பலை எடுங்கள். 1770 ஜூன் 11ஆம் திகதி இரவு அது அவுஸ்திரேலியாவின் பவளப்பாறையில் ஏறிவிட்டது. பாரம் குறைக்கப் பீரங்கிகளைக் கடலில் தள்ளி, ஓட்டைக்கு வெளியே பாயை இழுத்துக் கட்டி, ஓர் ஆற்று முகத்துக்குக் கொண்டுபோய்த் திருத்தினார்கள். "த்ரோ த கன்ஸ்!" "புல் த செயில்!" என்று கட்டளை வசனம் பழக்க அந்த ஓர் இரவே இரண்டு வகுப்புக்குக் காணும்.