இலத்தீன் வாசகத்தைப் பிரஞ்சுக்குக் கொடுக்கும் முன்

மட்டக்களப்பு புளியந்தீவில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா ஒரு நாள் வாட்ஸ்அப்பில் படம் ஒன்றைக் காட்டினார். பிரான்சில் காலமான அவருடைய பெரியம்மாவின் கல்லறைக் கல். தமிழில் பெயர், அதன் கீழே பிரஞ்சில் ‘கில் ரபோஸ் ஆன் பே’. அவன் அமைதியில் இளைப்பாறுவானாக என்று அர்த்தம். பெரியம்மாவுக்கு ‘அவன்’!

பூசையில் கேட்ட ‘ரெக்வியெஸ்காத் இன் பாச்சே’ என்ற இலத்தீன் வாசகத்தைத்தான் மொழிபெயர்க்கக் கொடுத்திருக்கிறார்கள். அதில் ஆண், பெண் வேறுபாடு கிடையாது. பிரஞ்சிலோ சொல்லியே ஆக வேண்டும். பெண்ணென்றால் ‘கெல் ரபோஸ் ஆன் பே’. மொழிபெயர்த்தவரில் குறை சொல்ல மாட்டேன். அவருக்குப் போனது மூன்று சொல் மட்டுமே. யாருக்காக, எங்கே எழுதப் போகிறோம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒரே கல்லில் இரண்டு பேர் என்றால் இலத்தீனே ‘ரெக்வியெஸ்காந்த்’ என்று மாறும்.

அடுத்தது, ஆளைத் தேடும் இடம். பிறப்புச் சான்றிதழைப் பிரஞ்சுக்கு மாற்றித் தந்த சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடமே பலர் இதையும் கொண்டுபோகிறார்கள். அவருடைய முத்திரை அலுவலகத்துக்குத் தேவை, பழமொழிக்கு அல்ல. மட்டக்களப்பும் சேர்ந்திருந்த திருகோணமலை மறைமாவட்டத்தை 1895இல் பிரெஞ்சு இயேசு சபையினர் பொறுப்பேற்ற காலத்தில், இரண்டு மொழியும் தெரிந்த குருமார் இங்கேயே இருந்தார்கள். இப்போது மூத்த பாதர் ஒருவரிடம் இலத்தீனின் பொருளைக் கேட்கலாம். பிரஞ்சுக்கு வேறு ஆள் வேண்டும். பிரான்சில் பள்ளிப் பிள்ளைகள் இலத்தீனை விருப்பப் பாடமாகப் படிக்கிறார்கள். அங்கே படிக்கும் மருமகன் தன் இலத்தீன் ஆசிரியரைக் கேட்டால் போதும், அவர் பிரஞ்சு இலக்கியமும் படித்தவராகவே இருப்பார்.

ஆங்கிலம் வழியாகப் போவதும் வேண்டாம். உரோமைக் கவிஞர் ஹொராஸ் எழுதிய ‘கார்ப்பே தியெம்’ ஆங்கிலத்தில் ‘இந்த நாளைக் கைப்பற்று’ என்று ஆகிவிட்டது. இலத்தீனில் அது பூவையோ பழத்தையோ கொய்கிற சொல். பிரஞ்சில் ‘கய் ல ஜூர்’, நாளைக் கொய் என்பது அந்த மென்மையை அப்படியே வைத்திருக்கிறது. சில வாசகங்களைப் பிரஞ்சுக்காரர் இலத்தீனிலேயே விட்டுவிடுவார்கள். ‘இன் வீனோ வெரித்தாஸ்’, மதுவில் உண்மை என்பது, அப்படியானது. லரூஸ் என்ற பிரஞ்சு அகராதியின் இளஞ்சிவப்புப் பக்கங்களில் இவை பொருளோடு இருக்கும். காசு கொடுக்கும் முன் அங்கே பாருங்கள்.

ஆள் சரியா என்று பார்க்க நான் இன்னொரு உரோமைக் கவிஞரான ஓவிட்டின் ‘குத்தா காவாத் லாப்பிதெம்’ கொடுப்பேன். துளி கல்லைக் குடையும், நம்முடைய ‘எறும்பு ஊரக் கல்லும் தேயும்’ மாதிரி. சொல்லுக்குச் சொல் எழுதித் தந்துவிட்டு நிற்பவரை விட, ‘இதை யாருக்குச் சொல்லப் போகிறீர்கள்?’ என்று திருப்பிக் கேட்பவரை நம்புவேன்.

சரி, வாசகம் வந்துவிட்டது. போனில் கேட்டு எழுதிக்கொள்ளாதீர்கள். காலமானார் என்பதற்கான ‘தெசெதே’, பெண்ணுக்கு எழுதும்போது கடைசியில் ஓர் எழுத்துக் கூடும். காதுக்கு இரண்டும் ஒன்றுதான். கல் வெட்டுபவரிடம் போகும் முன் எழுதிய தாளை வாங்கி, பிரஞ்சு வாசிக்கத் தெரிந்த இன்னொருவரிடம் காட்டுங்கள்.