வேகத்தடை மட்டும் கேட்டால் போதுமா? சாலையோர ஊர்கள் செய்யும் தவறுகள்

பைபாஸ் ஓரத்து ஊர்களில் இது பழகிப்போன காட்சி. ஒருவர் அடிபட்டு இறக்கிறார், மறியல் நடக்கிறது, ராவோடு ராவாக ஒரு வேகத்தடை முளைக்கிறது. சரி, வேலை முடிந்தது என்று கலைந்துவிடுகிறோம்.

ஆனால் அவசரத்தில் போட்ட வேகத்தடையே ஆளைக் கொல்லும். சாலைகளுக்கான தர விதிகளை வகுக்கும் இந்திய சாலை காங்கிரஸ் அமைப்பின் விதிப்படி அது வண்டி போகும் திசையில் 3.7 மீட்டர் அகலத்தில், நடுவில் 10 செ.மீ. உயரத்தில் மெல்ல ஏறி இறங்க வேண்டும். வெள்ளைக் கோடும், முன்னதாகவே எச்சரிக்கைப் பலகையும் வேண்டும். பல ஊர்களில் இருப்பதோ கோடில்லாத செங்குத்துத் தார் மேடு. இரவில் பைக் அதில் தூக்கிப்போட்டால், பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து வரும் பெண்தான் முதலில் விழுகிறார். 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில், ஐந்தில் இருவருக்கும் மேல் இருசக்கர வாகனத்தில் போனவர்கள்.

அடுத்த தவறு, சாவு எண்ணிக்கை சேரட்டும் என்று காத்திருப்பது. தேசிய நெடுஞ்சாலையில் 500 மீட்டருக்குள், 3 ஆண்டுகளில் உயிர்ச்சேதமோ பலத்த காயமோ நேர்ந்த 5 விபத்துகள் அல்லது 10 மரணங்கள் நடந்த இடத்தையே ‘பிளாக் ஸ்பாட்’ என்கிறார்கள். அதுவரை பொறுக்க வேண்டாம். எந்த வளைவில் வண்டி சறுக்குகிறது என்பது அங்குள்ள டீக்கடைக்காரருக்குத் தெரியும். கை கால் முறிந்தது, மயிரிழையில் தப்பியது எல்லாவற்றையும் தேதி, நேரம், இடத்தோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். அதை வைத்துக் கிராம சபையில் தீர்மானம் போட்டு, மாவட்ட சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு அனுப்புங்கள்.

இறந்தவர் மேலேயே பழி போடுவதை என்னால் பொறுக்க முடிவதில்லை. பள்ளிக்கூடம் ஒரு பக்கம், பஸ் நிறுத்தம் மறுபக்கம், சுரங்கப்பாதை ஒரு கிலோமீட்டர் தள்ளி இருந்தால், பிள்ளைகள் மீடியன் இடைவெளியில்தான் ஓடுவார்கள். மனிதன் தவறத்தான் செய்வான், அந்தத் தவறு உயிரைப் பறிக்காதபடி சாலையை அமைக்க வேண்டும் என்ற கொள்கையை ஸ்வீடன் நாடாளுமன்றம் 1997-லேயே ஏற்றது. ஆகவே பஸ் நிறுத்தத்தை இடம் மாற்றவும், ஆட்கள் கடக்கும் இடத்தில் வேகத்தை 30 கிலோமீட்டருக்குக் குறைக்கவும் கேளுங்கள்.

அப்புறம், கேஸ் ஆகிவிடும் என்று அடிபட்டவரைத் தொடாமல் நிற்பது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் உதவுபவரைக் காக்கிறது. பெயர்கூடச் சொல்ல வேண்டியதில்லை. ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசு பணம் கட்டுகிறது. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் இத்திட்டத்தில் உள்ள மருத்துவமனை எது என்று பஸ் நிறுத்தத்தில் எழுதி வையுங்கள். 108-ஐ அழைத்ததும் கிலோமீட்டர் கல்லின் எண்ணைச் சொல்லுங்கள்.