ரூஜ் பள்ளத்தாக்கில் ஆற்றோரம் ஓடுவது எப்படி

டொரொன்டோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவுக்கு வந்து இருபது வருடமாகிறது. அதில் பாதிக் காலம் ரூஜ் பள்ளத்தாக்கு எனக்கு மிருகக்காட்சிசாலைக்குப் போகும் வழியில் தெரியும் காடு, அவ்வளவுதான். இப்போது சனிக்கிழமை காலை அங்கே ஓடாவிட்டால் அந்த வாரமே எனக்கு விடிந்ததாகத் தோன்றுவதில்லை. கனடாவின் முதல் தேசிய நகர்ப்புறப் பூங்கா அது. 2015இல் சட்டப்படி அமைந்தது. இன்று 79 சதுர கிலோமீட்டர் பரப்பு. நுழைவுக் கட்டணம் கிடையாது. நம் வீடுகளிலிருந்து பஸ்ஸில் போய்விடலாம். ஆனாலும் நம்மவர்களில் ஓடுகிறவர்கள் பலரும் நடைபாதையைவிட்டு இறங்குவதில்லை. அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதல் முறைக்கு விஸ்டா, ஆர்ச்சர்ட் என்ற இரண்டு பாதைகளையும் சேர்த்து ஒரு சுற்றாக ஓடுங்கள். மொத்தம் ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர். விஸ்டா மேட்டின் மேலே போகும். ஆர்ச்சர்ட் லிட்டில் ரூஜ் ஓடையை ஒட்டிக் காட்டுக்குள் போகும். பலர் மிருகக்காட்சிசாலைப் பக்கமிருந்து தொடங்குவார்கள். என் யோசனை வேறு. கீழே ட்வின் ரிவர்ஸ் வீதியில் தொடங்கி விஸ்டாவில் ஏறுங்கள். செங்குத்தான பகுதியை அப்போது களைக்காத கால்களோடு ஏறிவிடலாம். எதிர்த்திசையில் போனால் அதே இடத்தில் இறங்கவேண்டி வரும். மூன்று வருடங்களுக்கு முன் ஒக்டோபரில் நான் விழுந்தது அங்கேதான். மேப்பிள் சருகு கணுக்கால் உயரத்துக்குக் கிடந்தது. அடியில் இருந்த வேர் கண்ணில் படவில்லை. ஊன்றிய கை மணிக்கட்டு ஆறு வாரம் கட்டுப் போட்டபடி இருந்தது.

ஏற்றத்தில் ஓடவேண்டாம், நடங்கள். உள்ளங்கைகளைத் தொடையில் ஊன்றி, உடலைச் சற்று முன்னே சாய்த்து, வேகமாக நடங்கள். பக்கத்தில் வருகிறவரிடம் ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் சொல்ல முடிந்தால் வேகம் சரி. தெருவில் ஓடும் நேரத்தை இங்கே எதிர்பார்க்காதீர்கள். கைக்கடிகாரத்தில் கிலோமீட்டர் கணக்கைப் பார்த்தால் மனம் சோர்ந்துவிடும். நாற்பது நிமிடம் காட்டில் இருக்கப்போகிறேன் என்று எண்ணிக்கொண்டு போங்கள்.

இறக்கத்தில்தான் பழக்கம் வேண்டும். பயத்தில் உடல் பின்னே சாயும். குதிகால் முன்னே போய் வழுக்கும். இடுப்பைக் கால்களுக்கு நேர் மேலே வைத்து, அடியைப் பாதியாகக் குறைத்து, தையல் மெஷின் ஊசி போலச் சின்னச் சின்னதாக, விரைவாக வையுங்கள். கைகளை அகல விரித்துக்கொள்ளலாம், யாரும் பார்ப்பதில்லை. கண்ணைப் பெருவிரலில் வைக்காமல் மூன்று நான்கு அடி தள்ளி வையுங்கள். கண் எங்கே போகிறதோ கால் அங்கே போகும். வேரின் மேல் மிதிக்காமல் தாண்டுங்கள். ஈரமான வேர் சவர்க்காரம் போல வழுக்கும்.

சப்பாத்து அடிப்பாகத்தில் பல் உள்ளதாக இருக்கட்டும். விலை முக்கியமில்லை. பழைய தெருச் சப்பாத்தோடு போனால் ஏப்ரல் சேற்றில் ஒரு எட்டுக்கூட வைக்க முடியாது. அந்தச் சேற்றைப் பற்றி ஒரு வேண்டுகோள்: சுற்றிப் போகாதீர்கள், நடுவிலேயே மிதித்துப் போங்கள். ஓரமாகப் போகப்போகப் பாதை அகன்று, மே மாதத்தில் பூக்கும் வெள்ளை டிரில்லியம் நசுங்குகிறது. ஒன்ராறியோவின் மாகாண மலர் அது. விதையிலிருந்து முதல் பூ வருவதற்கு ஏழு வருடத்துக்கு மேலும் ஆகும்.

உண்ணியை மட்டும் இலேசாக எடுக்காதீர்கள். லைம் நோயைப் பரப்பும் கருங்கால் உண்ணி இந்தப் பள்ளத்தாக்கில் இருக்கிறது. வளர்ந்தது எள்ளளவு, இளசு கசகசா அளவு. வெளிர் நிறத்தில் நீளக் காலுறை போட்டுக்கொண்டால் ஊர்வது தெரியும். வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, இடுப்புப் பட்டி, காதின் பின்புறம், தலைமுடி எல்லாம் பாருங்கள். கடித்துக்கொண்டிருந்தால் நுனி கூரான சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து, முறுக்காமல் நேரே இழுத்து, சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருந்திருக்கலாம் என்று தோன்றினால் மூன்று நாட்களுக்குள் மருத்துவரிடம் போங்கள். 2023 முதல் ஒன்ராறியோவில் மருந்தாளரும் இதற்கு முன்தடுப்பு மருந்து எழுதித் தரலாம். மூன்று மூன்று இலையாக நிற்கும் பாய்சன் ஐவியும் பாதையோரம் உண்டு. தொட்டால் தோல் கொப்பளிக்கும்.

தண்ணீர் அரை லீட்டர் போதும். ஒரு எள்ளுருண்டையைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். தனியாகப் போனால் எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

செப்டம்பர் கடைசியிலோ ஒக்டோபரிலோ போனால், சுற்று முடியும் இடத்தில் ஓடையருகே ஐந்து நிமிடம் நில்லுங்கள். ஒன்ராறியோ ஏரியிலிருந்து சினூக் சால்மன் முட்டையிட மேலேறி வரும். முழங்கை நீள மீன், முதுகு வெளியே தெரியும் அளவு ஆழமில்லாத தண்ணீரில், வாலை அடித்து அடித்து ஒரு கல்லைத் தாண்டுவதை நான் கண் இமைக்காமல் பார்த்திருக்கிறேன். கால் கழுவ இறங்காதீர்கள், நாயையும் விடாதீர்கள். கூழாங்கல்லுக்கு அடியில் முட்டை இருக்கும்.