கப்பலில் படிக்க கிண்டிலா, அச்சுப் புத்தகமா? வேலூரிலேயே முடித்துக்கொள்ள வேண்டிய வேலைகள்

2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து கார்டீலியா உல்லாசக் கப்பல் புறப்பட்டது. அடுத்த ஆண்டே இலங்கைக்கும் போய்வந்தது. அதன் பிறகு வேலூர்க்காரர்களுக்குக் கப்பல் பயணம் எட்டாத சங்கதியாக இல்லை. காட்பாடியில் ரயிலேறினால் துறைமுகம் அரை நாள் வேலைதான். நான் போய்வந்தது தெரிந்தவர்கள் முதலில் சாப்பாட்டைப் பற்றிக் கேட்பார்கள், பிறகு வாந்தி வருமா என்று கேட்பார்கள். வாசிக்கிற பழக்கம் உள்ளவர்கள் மட்டும் மூன்றாவதாக ஒன்று கேட்பார்கள்: படிக்க என்ன எடுத்துக்கொண்டு போவது?

அமேசானின் மின்னூல் வாசிப்புக் கருவியான கிண்டில் ஒன்று, அச்சுப் புத்தகம் ஒன்று என்பது என் பதில். ஆனால் கிண்டிலில் தமிழ் ஒழுங்காகத் தெரிய வேண்டுமென்றால் கிளம்புவதற்கு முன்பு வீட்டில் உட்கார்ந்து கொஞ்சம் வேலை செய்ய வேண்டும். நடுக்கடலில் அதைச் செய்ய முடியாது. கணக்குத் தொடங்குவது, வைஃபையில் இணைப்பது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: கருவி

கைப்பேசி வேண்டாம். கப்பலின் மேல்தளத்து வெயிலில் அதன் திரை வெளிறிப்போகும். சில வகைக் குளிர்கண்ணாடியும் போட்டிருந்தால் சில கோணங்களில் கறுப்பாகவே தெரியும். கிண்டிலின் மின்மை (இ-இங்க்) திரைக்கு இந்தத் தொல்லை இல்லை. வெயில் ஏற ஏற எழுத்து தெளிவாகத்தான் தெரியும். நம்பிக்கை இல்லாவிட்டால் மாலை நான்கு மணிக்கு மொட்டை மாடியில் இரண்டையும் வைத்துப் பாருங்கள். ஏப்ரல், மே மாதங்களில் மட்டும் இந்தச் சோதனை வேண்டாம். கிண்டிலுக்குச் சொல்லப்பட்டிருக்கும் வெப்ப வரம்பு 35 டிகிரி செல்சியஸ், நம் ஊர் அதைக் காலையிலேயே தாண்டிவிடும்.

வாங்குவதானால் பேப்பர்ஒயிட் வகையை வாங்குங்கள். அடிப்படைக் கிண்டில் விலை குறைவுதான், ஆனால் அது தண்ணீர் தாங்காது. கடலுக்குப் போகிறவருக்கு அந்த மிச்சம் தேவையில்லை.

படி 2: நூல்களைச் சேர்ப்பது

பழைய இலக்கியத்துக்கு மதுரைத் திட்டம். 1998 பொங்கலன்று தொடங்கி இன்றுவரை தன்னார்வலர்கள் நடத்துவது. சங்க நூல்களிலிருந்து நாட்டுடைமையான எழுத்தாளர்களின் நாவல்கள் வரை இலவசமாகக் கிடைக்கும். இக்கால எழுத்துக்கு ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளம். அங்கே இ-பப், மோபி, ஆறு அங்குலப் பிடிஎஃப் என்று பல வடிவங்கள் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு இ-பப் எடுங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அரிய நூல்கள் கொட்டிக் கிடக்கின்றன. ஆனால் அவை பக்கம் பக்கமாகப் படமெடுத்த பிடிஎஃப் கோப்புகள். கிண்டிலின் சிறிய திரையில் கடுகு எழுத்தாகத் தெரியும், பெரிதாக்கினால் வரிக்கு வரி இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கே2பிடிஎஃப்ஆப்ட் என்ற இலவச மென்பொருள் அவற்றை நறுக்கிச் சிறிய திரைக்கு அடுக்கித் தரும், பொறுமை இருந்தால் முயலலாம். பயணத்துக்கு நான் அவற்றைத் தொடுவதே இல்லை.

படி 3: எழுத்து உடையாமல் ஏற்றுவது

என்னை அதிக நேரம் பிடித்துவைத்தது இந்தப் படிதான். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. அவர்களுக்கு இந்தச் சிக்கலே கிடையாது.

முழு நூலை ஏற்றுவதற்கு முன் ஒரு சோதனைக் கோப்பு செய்யுங்கள். வேர்டில் மூன்று ஊர்ப்பெயர்களை அடியுங்கள்: கொணவட்டம், சேண்பாக்கம், ஸ்ரீபுரம். டாக்ஸ் கோப்பாகச் சேமித்துக் கிண்டிலுக்கு அனுப்பித் (வழி இந்தப் படியின் கடைசியில்) திறந்து பாருங்கள். மூன்றும் சரியாகத் தெரிந்தால் உங்கள் கருவியில் தமிழுக்குக் குறையில்லை. இனிச் சிக்கல் வந்தால் அது நூல் கோப்பில்தான்.

நூலில் எழுத்து கெட்டிருந்தால் எப்படிக் கெட்டிருக்கிறது என்று கவனியுங்கள். மருந்து அதற்கேற்ப மாறும்.

வெறும் கட்டங்களாகத் தெரிந்தால், அந்தக் கோப்புக்குத் தமிழ் எழுத்துரு கிடைக்கவில்லை என்று பொருள்.

கொம்பு, கால் எல்லாம் இடம் மாறி, நடுவில் புள்ளியிட்ட வட்டம் தெரிந்தால், எழுத்துகள் இருக்கின்றன, அவற்றைக் கோக்கும் வேலை நடக்கவில்லை. ‘கொ’ என்பது இன்றைய பொது எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடில் ககரமும் அதன் பின் ஓர் உயிர்க்குறியுமாகத்தான் சேமிக்கப்படுகிறது. அந்தக் குறியை இரண்டாகப் பிரித்து, கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் வைப்பது திரையில் காட்டும் மென்பொருளின் பொறுப்பு.

மூன்றாவது வகை, ரோமன் எழுத்தும் விசித்திரக் குறிகளும் கலந்த குப்பையாகத் தெரிவது. அது யூனிகோடுக்கு முந்தைய காலத்துக் கோப்பு. டிஸ்கி, பாமினி போன்ற பழைய முறையில் அடித்தது. எழுத்துருவை மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது. என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற ஒன்றில் போட்டு உரையையே யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். அல்லது அதே நூலின் யூனிகோட் பதிப்பைத் தேடுங்கள், மதுரைத் திட்டத்தில் பெரும்பாலும் இருக்கும்.

முதல் இரண்டுக்கும் என் மருந்து காலிபர். நம் நாட்டவரான கோவித் கோயல் 2006-இல் தொடங்கிய, மின்னூல்களை வடிவம் மாற்றித் தரும் இலவச மென்பொருள். தோற்றத்தில் அழகு கிடையாது, வேலையில் அதை மிஞ்ச ஆளில்லை. இணையத்தில் கோப்பை மாற்றித் தரும் தளங்களை நான் சிபாரிசு செய்யமாட்டேன். அவற்றில் எழுத்துருவை நாம் தேர்வு செய்ய வழியில்லை.

முதலில் கூகுள் எழுத்துருத் தளத்திலிருந்து நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துருவை இறக்குங்கள். அதன் ஸ்டாட்டிக் கோப்புறையில் உள்ள ரெகுலர், போல்ட் இரண்டையும் கணினியில் நிறுவுங்கள். காலிபர் திறந்திருந்தால் மூடித் திறங்கள். நூலைச் சேர்த்து, அதன் விவரங்களில் மொழி என்ற இடத்தில் தமிழ் என்று இடுங்கள். பிறகு ‘கன்வெர்ட் புக்ஸ்’. வலது மேல்மூலையில் வெளியீட்டு வடிவமாக ஏஇசட்டபிள்யூ3 தேர்வு செய்யுங்கள். மோபி வேண்டவே வேண்டாம், அந்தப் பழைய வடிவத்தில் எழுத்துருவை உள்ளே பொதிக்க வழியில்லை. ‘லுக் அண்ட் ஃபீல்’ பகுதியில் எழுத்துருக்களுக்கான தாவலில் ‘எம்பெட் ஃபான்ட் ஃபேமிலி’ என்று இருக்கும். அங்கே நோட்டோவைத் தேர்ந்து, மாற்றி முடித்து, யூஎஸ்பி கேபிளால் கிண்டிலின் டாக்குமென்ட்ஸ் கோப்புறைக்கு அனுப்புங்கள்.

பிற்சேர்க்கை: குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகர், சொன்னபடியே செய்தும் எழுத்து மாறவில்லை என்று எழுதியிருந்தார். கோப்பு சரிதான். நூலைத் திறந்து, எழுத்தமைப்புப் பட்டியலில் ‘பப்ளிஷர் ஃபான்ட்’ என்பதைத் தேர்வு செய்ய வேண்டும். செய்யாவிட்டால் நாம் பொதித்த எழுத்துரு உள்ளே சும்மா உறங்கிக்கொண்டிருக்கும்.

கணினி இல்லாதவர்கள் இ-பப் கோப்பை அமேசானின் ‘சென்ட் டு கிண்டில்’ இணையப் பக்கத்தில் நேரடியாக ஏற்றலாம். 200 எம்பி வரை ஏற்கும், மின்னஞ்சலில் அனுப்பினால் 50 எம்பி. ஒழுங்காகச் செய்த யூனிகோட் நூல்களுக்கு இதுவே போதும்.

படி 4: வீட்டிலேயே இணையத்தைத் துண்டித்துப் பார்ப்பது

கப்பலில் செயற்கைக்கோள் வழியாகத்தான் இணையம், அதற்குத் தனிக் கட்டணம். ஆகவே கிளம்புவதற்கு முதல் நாள் கிண்டிலை ஏர்பிளேன் மோடில் போட்டு, ஒவ்வொரு நூலையும் திறந்து நடுப்பக்கம் வரை போய்ப் பாருங்கள். அட்டைப்படம் தெரிவதால் நூல் உள்ளே இருக்கிறது என்று அர்த்தமில்லை. வாங்கி வைத்து இறக்காமல் விட்ட நூலின் அட்டையும் அதே வரிசையில்தான் நிற்கும். கிண்டில் கடையில் வாங்கிய நூல்களைக் கணினிக்கு இறக்கி யூஎஸ்பியில் ஏற்றும் வழியை அமேசான் 2025 பிப்ரவரியில் மூடிவிட்டது. அவற்றை வீட்டு வைஃபையில் இறக்கி முடித்துவிடுங்கள்.

படி 5: அச்சுப் புத்தகம்

கருவி பழுதானால் கைகொடுக்கவும், கண்ணுக்கு மாறுதலாகவும் ஒன்று போதும். கவிதை எடுங்கள். கிண்டிலில் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினால் கவிதையின் அடிகள் கண்ட இடத்தில் மடங்கிவிடும், அச்சில் கவிஞர் நிறுத்திய இடத்தில் நிற்கும். நாவல் எத்தனை பாகமானாலும் கிண்டிலுக்குத் தள்ளுங்கள், மொத்தமும் சுமார் 200 கிராமில் அடங்கிவிடும்.

தாள், கட்டு இரண்டையும் பாருங்கள். பளிச்சென்ற வெள்ளை மேப்லித்தோ வெயிலில் கண்ணைக் கூச வைக்கும், நேச்சுரல் ஷேட் தாள் இதம். பசையால் மட்டும் ஒட்டிய பர்ஃபெக்ட் பைண்டிங் புத்தகத்தை வெயிலில் வைத்தால் பசை இளகும். நூல் தையல் போட்டது கிடைத்தால் நல்லது. அட்டை சுருளும் என்பதையும் எதிர்பாருங்கள். வெளிப்பக்கம் லேமினேஷன், உள்பக்கம் வெறும் தாள் என்பதால் ஈரக்காற்றில் உள்பக்கம் மட்டும் விரிந்துகொள்ளும். வேலூரின் வறண்ட காற்றில் வளர்ந்த புத்தகங்கள் கடலில் இப்படித்தான் நடந்துகொள்ளும். மாவட்ட மைய நூலகத்தில் எடுத்த புத்தகத்தைத் தயவுசெய்து கப்பலுக்குக் கொண்டு போகாதீர்கள்.

படி 6: கப்பலில்

பேப்பர்ஒயிட் நல்ல தண்ணீரில் 2 மீட்டர் ஆழத்தில் 60 நிமிடம் தாங்கும் என்பது தயாரிப்பாளர் கணக்கு. கடல்நீரில் அதே கணக்கு 25 செ.மீ. ஆழம், 3 நிமிடம். உப்புத்தண்ணீர் பட்டால் நல்ல தண்ணீரில் அலசித் துடைத்து, நன்றாக உலரும்வரை சார்ஜரில் மாட்டாதீர்கள்.

சார்ஜ் பற்றிக் கவலை வேண்டாம். முழுதாக ஏற்றிக்கொண்டு போனால் குறுகிய பயணத்துக்குப் போதும். நம் ஊர் மூன்று முள் பிளக் அறையில் உள்ள சாக்கெட்டில் நுழையாமல் போகலாம். இரண்டு உருண்டை முள் சார்ஜர் எடுத்துக்கொள்ளுங்கள். சர்ஜ் பாதுகாப்பு உள்ள எக்ஸ்டென்ஷன் பலகையைப் பல கப்பல்களில் ஏறும்போதே வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

தலை சுற்றினால் கிண்டில், புத்தகம் இரண்டையும் மூடிவிட்டுத் தொடுவானத்தைப் பாருங்கள்.

இன்னொரு பிற்சேர்க்கை: வயதான அம்மாவோடு போகும் ராணிப்பேட்டை வாசகி ஒருவர், அம்மாவுக்குக் கிண்டில் பழகுமா என்று கேட்டிருக்கிறார். பழகும். எழுத்தை அவருக்குத் தேவையான அளவுக்குப் பெரிதாக்கி வைத்துவிட்டு, வலப்பக்கம் தொட்டால் அடுத்த பக்கம், இடது ஓரம் தொட்டால் முந்தைய பக்கம் என்று வீட்டிலேயே காட்டுங்கள். மேல்விளிம்பைத் தொட்டால் பட்டியல் வந்து நிற்கும், அதைக் கண்டுதான் பெரியவர்கள் பயப்படுகிறார்கள். நடுவில் ஒருமுறை தொட்டால் போய்விடும் என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள்.