டெக்சஸ் டான்ஸ் ஹாலில் பாட வருகிறவர்கள் செய்யக்கூடாதவை

குடித்துவிட்டு மேடை ஏறாதே, கிட்டாரைச் சுருதி சேர்க்காமல் தொடாதே என்பதையெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அது யாருக்கும் தெரியும். டெக்சஸின் நடுப்பகுதியில், ஜெர்மனியிலிருந்தும் செக் நாட்டுப் பக்கமிருந்தும் வந்து குடியேறியவர்கள் கட்டிவைத்த பழைய மரக்கூடங்களில் சனிக்கிழமை ராத்திரிகளில் ட்ரம்ஸ் வாசிக்கிறவன் நான். கன்ட்ரி என்கிற அமெரிக்க நாட்டுப்புறச் சாயல் இசையைப் பாட வரும் இருபது வயதுப் பிள்ளைகளை முதுகுப்பக்கமிருந்து பார்ப்பதுதான் என் வேலை. அந்த வயதில் நாங்கள் எதையெல்லாம் சொதப்பினோமோ, அதையே வரிசை மாறாமல் சொதப்புகிறார்கள்.

பாட்டை நடுவில் நிறுத்துவது

மற்றதையெல்லாம் மன்னித்துவிடலாம். இதை என்னால் முடியவில்லை.

டான்ஸ் ஹால் என்பது கச்சேரி மேடை இல்லை. பாடகர் முகத்தைப் பார்க்க அங்கே யாரும் டிக்கெட் எடுப்பதில்லை. ஆட வருகிறார்கள். தளத்தில் எல்லா ஜோடியும் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றிவர வேண்டும். வேகமாகப் போகிறவர்கள் வெளிவட்டம், மெதுவாக ஆடுகிறவர்கள் உள்வட்டம். எழுபது வயதுத் தம்பதிக்குப் பின்னால் கல்லூரிப் பிள்ளைகள், அவர்களுக்குப் பின்னால் மகளைத் தன் பூட்ஸ் மேல் நிற்கவைத்து ஆடும் அப்பா. முன்னால் போகிற ஜோடி சட்டென்று நின்றால் பின்னால் வருகிறவர்கள் மோதத்தான் செய்வார்கள்.

எங்களோடு ஒரு பையன் பாடினான். குரல் என்றால் குரல், கேட்டவுடன் ரோமம் சிலிர்க்கும். ஒரு வால்ட்ஸ், மூன்று தட்டு ஆட்டம், போய்க்கொண்டிருந்தது. தகிட, தகிட என்று தளம் முழுக்க ஒரே சீராகச் சுற்றுகிறது. கடைசிப் பல்லவிக்கு வந்ததும் கையை உயர்த்தி, விரல்களை மடக்கினான். நிறுத்து என்று அர்த்தம். பாஸ் கிட்டார்காரர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன், இருவரும் நிறுத்தினோம். பையன் கண்ணை மூடிக்கொண்டு ஒரு சுரத்தை இழுக்கிறான், இழுக்கிறான். கீழே ஒரு பெரியவர் மனைவியைச் சுழற்றிவிடுகிற நேரம். அந்த அம்மாள் ஒற்றைக் காலில், மற்றக் காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்கிறார். பின்னால் வந்த ஜோடி அவர் குதிகாலில் இடித்தது. மற்றவர்கள் கைகோத்தபடி மேடையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அதைவிட மோசம், அவன் திரும்ப எடுத்த இடம். முதல் தட்டில் எடுக்கவேண்டியதை இரண்டாம் தட்டில் எடுத்தான். முதல் தட்டுக்குத்தான் கால் முன்னால் போகும். எல்லாருடைய காலும் மாறிப்போனது. மேசைகளில் உட்கார்ந்திருந்தவர்கள் கைதட்டினார்கள், அதுவே போதும் என்று நினைத்துக்கொண்டான். அடுத்த பாட்டுக்குத் தளத்தில் பாதிப்பேர் இல்லை. அந்தப் பெரியவர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

கூடத்துக்காரருக்கு வருமானம் இரண்டு வழியில்தான்: வாசலில் வாங்கும் நுழைவுக் காசு, உள்ளே விற்கும் பீர். ஆடுகிறவர்கள் வியர்த்து, தாகமெடுத்து, கடைசிப் பாட்டு வரைக்கும் இருப்பார்கள். ஆட்டம் கெட்டால் பத்து மணிக்கே வண்டி எடுத்துவிடுவார்கள். அவர் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த மாதச் சுவரொட்டியில் எங்கள் பெயர் இல்லை, அதற்கடுத்த மாதமும் இல்லை. மாதம் தவறாமல் கிடைத்துக்கொண்டிருந்த ஒரு ராத்திரி ஐந்து பேருக்கும் போயிற்று. வண்டியில் வரும்போது அந்தப் பையனைக் கேட்டதற்கு, "ஃபீல் வந்துச்சு, அதான்" என்றான். அந்தச் சொல்லைக் கேட்டால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஃபீல் வரட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? குரலை இழுங்கள், தாளத்தைத் தொடாதீர்கள், அது தன்பாட்டுக்குப் போகட்டும். கன்ட்ரி பாடகர் வில்லி நெல்சன் தாளத்துக்குப் பின்தங்கியும் முந்தியும் பாடுவதில் பேர்போனவர். அவர் எங்கே அலைந்தாலும் கீழே தட்டு நிற்காது. 1930களில் ஓக்லஹோமாவில் டல்சா நகரின் கெய்ன்ஸ் பால்ரூம் என்ற ஆட்டக் கூடத்தில் கூட்டத்தை ஆடவைத்த குழுத் தலைவர் பாப் வில்ஸ், பாட்டுக்கு நடுவே "ஆ-ஹா" என்று கூவுவார், வாத்தியக்காரரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு வாசிக்கவைப்பார். இவ்வளவு கூத்துக்கும் ஆடுகிறவர் கால் தடுமாறாது. கடைசிச் சுரத்தை நீட்டியே தீரவேண்டும் என்றால் பாட்டின் கடைசியில் நீட்டுங்கள். அதற்குள் ஆடுகிறவர்கள் நின்றிருப்பார்கள்.

பாட்டு பிறந்த கதையை மேடையில் சொல்வது

வேண்டாம்.

மெதுவான பாட்டுகளை அடுக்குவது

வேகமான ஜோடி ஆட்டமான டூ-ஸ்டெப்புக்கு இரண்டு பாட்டு, பிறகு ஒரு வால்ட்ஸ், கொஞ்சம் மூச்சு வாங்க ஒரு மெதுவான பாட்டு. இப்படிக் கலந்து போங்கள். அழுகைப் பாட்டு மூன்றை வரிசையாக வைத்தால் மூன்றாவதுக்குத் தளத்தில் காதலர்கள் மட்டும் இருப்பார்கள். அவர்களுக்கு நீங்கள் எதைப் பாடினாலும் ஒன்றுதான்.

சொந்தப் பாட்டு மட்டுமே பாடுவேன் என்பது

நாலு மணி நேரத்துக்கு நாற்பது பாட்டுக்கு மேல் தேவைப்படும். உங்களிடம் எத்தனை இருக்கிறது? தெரிந்த பழைய பாட்டுகளுக்கு நடுவே, அதே வேகத்தில் உங்களுடையதை ஒன்று நுழையுங்கள். ஆட்டம் நிற்காமல் தொடர்ந்தால் அந்தப் பாட்டு தேறிவிட்டது.

ஷாட்டிஷ், காட்டன் ஐட் ஜோ

ஆட வந்தவர்கள் இந்தப் பழைய ஆட்டங்களைக் கேட்பார்கள். வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

நாஷ்வில்லுக்கு அவசரப்படுவது

கன்ட்ரி இசைக் கம்பெனிகள் இருக்கிற ஊர் நாஷ்வில். டெக்சஸ் கூடங்களில் பாடிப் பெரிய நட்சத்திரமான ஜார்ஜ் ஸ்ட்ரெய்ட் பேரைச் சொல்லித்தான் எல்லாரும் வருகிறார்கள், ஆனால் அவர் கதையின் நடுப்பகுதியை யாரும் படிப்பதில்லை. ராணுவத்திலிருந்து வந்து டெக்சஸின் சான் மார்கோஸில் விவசாயப் படிப்பு படித்துக்கொண்டிருந்தவர், ஏஸ் இன் த ஹோல் என்ற குழுவோடு 1975 அக்டோபர் 13 அன்று அந்த ஊர் சீத்தம் ஸ்ட்ரீட் வேர்ஹவுஸ் என்ற இசைக்கூடத்தில் முதல்முறை பாடினார். 1977-இல் அந்தக் கூடத்தை நடத்திய கென்ட் ஃபின்லேயோடு நாஷ்வில் போய்வந்தார், யாரும் சீந்தவில்லை. திரும்பி வந்து கிரீன் ஹால், ஆஸ்டினின் புரோக்கன் ஸ்போக் என்று ஆட்டக் கூடங்களில் பாடிக்கொண்டே இருந்தார். 1979-இல் பட்டம் வாங்கி, பகலில் பண்ணை வேலையும் பார்த்தார். எம்.சி.ஏ. இசைத்தட்டு நிறுவனத்தின் ஒப்பந்தம் கிடைத்தது 1981-இல். மேடையில் அதிகம் பேசாமல், கிட்டாரைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்று பாடும் அவர் பாணியை அமைதி, அடக்கம் என்று பத்திரிகைகள் எழுதின. கூடங்களில் வாசிக்கிற எங்களுக்கு அது ஆட வந்தவர்களுக்குக் குறுக்கே நிற்காத பழக்கமாகத்தான் தெரிகிறது.

காசு

வாசல் வசூலில் பங்கா, பேசி வைத்த தொகையா என்பதை வேனிலிருந்து ட்ரம்ஸை இறக்குவதற்கு முன்னால் கேளுங்கள். திரும்ப ஏற்றும்போது கேட்டால் பதில் வேறாக இருக்கும்.