கூட்டத்தில் மட்டும் தைரியம்: நாய்க்குட்டி வளர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம், தன் நாய்க்கு முதல் ஈத்து (ஒரே பிரசவத்துக் குட்டிகள்) எடுத்த ஒரு தம்பி வீடியோ அனுப்பியிருந்தார். கதவைத் திறந்ததும் ஏழு குட்டிகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வந்து அவருடைய பேன்ட் நுனியைக் கடித்து இழுக்கின்றன. "பாருங்கண்ணே, ஒண்ணுக்குக்கூட பயம்னா என்னன்னு தெரியல" என்று பின்னணியில் குரல் வேறு. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இதே மாதிரி வீடியோ எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பியவன்தான் நானும்.

தாயும் குட்டிகளும் இருக்கும் பெட்டியைச் சுத்தமாக வையுங்கள், குடற்புழு மருந்தை 2, 4, 6, 8 வாரங்களில் கொடுங்கள் என்பதையெல்லாம் டாக்டரே சொல்லிவிடுவார். அவர் சொல்லாமல் விடுவதை, அல்லது சொல்லியும் நாம் காதில் வாங்காமல் விடுவதை மட்டும் எழுதுகிறேன்.

குளிர்ந்த குட்டிக்குப் பால் புகட்டுவது

குட்டி கத்தினால் பசி என்று நினைத்துவிடுகிறோம். பிறந்த முதல் வாரத்தில் குட்டிக்குத் தன் உடம்புச் சூட்டைக் காத்துக்கொள்ளத் தெரியாது. நடுங்கக்கூட வராது. உடம்பு குளிர்ந்துவிட்டால் குடல் வேலை செய்யாது. உள்ளே போன பால் அப்படியே கிடந்து வயிறு உப்பும். விழுங்கத் தெம்பில்லாமல் மூச்சுக்குழாயில் இறங்கினால் நிமோனியா. வாய்க்குள் சுண்டுவிரலை விட்டுப் பாருங்கள். சில்லென்று இருந்தால் முதலில் சூடு, அதுவும் மெதுவாக, உங்கள் உடம்போடு அணைத்து. பால் அப்புறம்.

முதல் வாரம் பெட்டிக்குள் 29 முதல் 32 டிகிரி செல்சியஸ் இருக்கட்டும். ஒரு ஓரத்தை மட்டும் சற்றுக் குளிர்ச்சியாக விடுங்கள், சூடு தாங்காத குட்டி ஊர்ந்து போய்ப் படுத்துக்கொள்ளும்.

எடையைக் கண்ணால் அளப்பது

தராசு வாங்குங்கள். தினமும் ஒரே நேரத்தில் நிறுத்துப் பாருங்கள். 7 முதல் 10 நாளில் பிறந்த எடை இரட்டிப்பாக வேண்டும்.

ஈத்தைப் பழக்கிவிட்டு குட்டியைப் பழக்காமல் விடுவது

இன்றைக்கும் என்னை எரிச்சல்படுத்தும் தவறு இதுதான். நாள் முழுக்க உழைத்துத்தான் இதைச் செய்கிறோம், அதனாலேயே தப்பு கண்ணில் படுவதில்லை.

என் மூன்றாவது ஈத்தில் ஆறு குட்டிகள். மூன்றாம் வாரத்திலிருந்து தினமும் காலையும் மாலையும் அவற்றோடு தரையில் உட்கார்ந்தேன். பெரியவர்கள் வந்தார்கள், குழந்தைகள் வந்தார்கள், மிக்ஸி ஓடியது, குடை விரிந்தது. எதற்கும் அசராமல் ஆறும் ஓடி வரும். எட்டு வாரம் முடிந்ததும் ஒவ்வொன்றாக வீடு போயின. ஐந்து வீட்டிலிருந்து நல்ல சேதி. ஆறாவது, இடது முன்காலில் விரல்கள் மட்டும் வெள்ளையாக இருந்த பெண் குட்டி. மூன்றாம் நாள் போன் வந்தது. கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வரவில்லை, வைத்த சாப்பாடு வைத்தபடி இருக்கிறது, யாராவது எழுந்து நடந்தாலே இருந்த இடத்தில் மூத்திரம் போய்விடுகிறது. "போகப் போகச் சரியாகிடும்" என்றேன். ஆகவில்லை. ஏழு மாத வயதில் என்னிடமே திரும்பி வந்தது. வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், அது போகட்டும். நாயை இறக்கிவிட வந்தபோது அந்த வீட்டுச் சிறுமி காரை விட்டு இறங்கவே இல்லை. அதுதான் மறக்கவில்லை.

அன்று ராத்திரி பழைய வீடியோக்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அந்தப் பெண் குட்டி இருக்கிறாள். எல்லாவற்றிலும் ஏதோ ஒரு குட்டியின் விலாவோடு ஒட்டிக்கொண்டு இருக்கிறாள். பக்கத்துக் குட்டி ஓடினால் ஓடுகிறாள், நின்றால் நிற்கிறாள். என் மடியில் முந்திக்கொண்டு ஏறியது எப்போதும் அதே இரண்டு ஆண் குட்டிகள். ஐந்து வாரம் நான் பழக்கியது அந்த இரண்டை. மற்றவை வேடிக்கை பார்த்தன. வேடிக்கை பார்த்ததில் மூன்று தப்பியது அவற்றின் சுபாவத்தால், என் கெட்டிக்காரத்தனத்தால் இல்லை. அவள் பிறந்ததிலிருந்து முதல்முறையாகத் தனியாக இருந்தது, முன்பின் தெரியாதவர் காரின் பின் சீட்டில்.

அமெரிக்காவில் பார் ஹார்பர் ஆய்வகத்தில் ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் இருவரும் ஐந்து இன நாய்களைப் பல ஆண்டுகள் வளர்த்துப் பார்த்தார்கள். மனிதரோடும் உலகத்தோடும் குட்டி ஒட்டிக்கொள்ளும் பருவம் ஏறக்குறைய 3-ஆவது வாரத்தில் தொடங்கி 12-ஆவது வாரத்தோடு முடிகிறது என்பது அவர்கள் கண்டது. மொத்தம் ஒன்பது வாரம். அதில் ஐந்து நம் வீட்டிலேயே கழிந்துவிடுகிறது, வாங்கிப் போகிறவருக்கு மிஞ்சுவது நான்குதான். "வாங்குனவங்க சரியா பழக்கல" என்று சொல்வதற்கு முன்னால் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது நான் செய்வது இது. நான்காம் வாரக் கடைசியிலிருந்து ஒவ்வொரு குட்டிக்கும் தினமும் தனியாகச் சில நிமிடம். கழுத்தில் ஆளுக்கொரு கலர் ரிப்பன், நோட்டில் கலருக்கு ஒரு பக்கம். முதல் சில நாள் இரண்டிரண்டாக அடுத்த அறைக்குக் கொண்டுபோவேன், அப்புறம் ஒவ்வொன்றாக. அங்கே பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. தரையில் உட்கார்ந்துகொள்வேன், குட்டி சுற்றிப் பார்க்கும், வந்தால் தடவிக்கொடுப்பேன். பதறிக் கத்த ஆரம்பித்தால் நேரம் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். கூட்டிப் போய்த் தாயிடம் விட்டுவிட்டு, மறுநாள் அரை நிமிடத்தில் நிறுத்திக்கொள்வேன். கத்திக் கத்திப் பழகட்டும் என்று விடுவது வேறு தவறு.

ஐந்தாம் வாரத்துக்கு மேல் அறையின் மறுகோடியில் ஒரு ஸ்பூனைக் கீழே போடுவேன். குட்டி துள்ளிப் பின்வாங்கும், அது இயல்பு. அதற்கு அப்புறம் என்ன நடக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். மனதுக்குள் எண்ணிக்கொண்டே இருங்கள். எத்தனை எண்ணுவதற்குள் மூக்கை நீட்டிக்கொண்டு ஸ்பூனைத் தேடி வருகிறது? நோட்டில் ஏறுவது அந்த எண். நாளாக நாளாக அது குறைந்தால் நல்லது. கூடிக்கொண்டே போனால் ஸ்பூனை நிறுத்திவிட்டு, இன்னும் மெல்லிய சத்தத்துக்குப் போக வேண்டும்.

வெள்ளை விரல்காரி மாதிரிக் குட்டிகள் கத்தாது, ஓடாது. சிலை போல உட்கார்ந்திருக்கும். ஒரு முன்காலை லேசாகத் தூக்கி வைத்துக்கொள்ளும். தூக்கமே இல்லாமல் கொட்டாவி விடும், உதட்டை நக்கும். கூட்டத்தோடு இருக்கும்போது பறித்துத் தின்னும் அதே கறித்துண்டை இப்போது மோந்துகூடப் பார்க்காது. புதியவர்கள் இதைப் பார்த்துவிட்டு, "ரொம்ப அமைதியான குட்டி" என்று வாங்குபவரிடம் பெருமையாகச் சொல்கிறார்கள். அமைதியான குட்டி கறியைத் தின்னும்.

ஆறு குட்டி, ஆளுக்கு ஐந்து நிமிடம், அரை மணி நேரம். அதற்கு நேரமில்லை என்பவர்கள் ஈத்தே எடுக்க வேண்டாம்.

தடுப்பூசி முடியட்டும் என்று பூட்டி வைப்பது

குட்டிகளின் உயிரையே எடுக்கும் பார்வோ வைரஸ் நோய்க்குப் பயப்படுவது சரிதான். அந்த வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் அழியாமல் கிடக்கும். ஆனால் ஊசி வரிசை முடிய 16 வாரம் அல்லது அதற்கு மேல் ஆகும். மேலே சொன்ன பருவம் அதற்கு முன்பே கடந்துவிடும். குட்டியை மண்ணில் இறக்காமலே உலகத்தைக் காட்டலாம். கையில் வைத்துக்கொண்டு வாசலில் உட்காருங்கள், வண்டியும் ஆளும் போகட்டும். தடுப்பூசி போட்ட, சாதுவான பெரிய நாய் ஒன்று வீட்டுக்கு வந்து போகட்டும். வருகிறவர்கள் செருப்பை வெளியே விட்டு, கை கழுவிவிட்டுத் தொடட்டும். அமெரிக்காவில் விலங்குகளின் நடத்தையைக் கவனிக்கும் கால்நடை மருத்துவர்களின் சங்கமே, முதல் ஊசியும் புழு மருந்தும் கொடுத்து ஒரு வாரம் ஆன 7, 8 வாரக் குட்டியைப் பயிற்சி வகுப்பில் சேர்க்கலாம் என்கிறது. ஊர் நாயெல்லாம் வந்துபோகும் பூங்கா புல்லில் இறக்கிவிடலாம் என்று இதற்கு அர்த்தம் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பழக்குவதைத் திருவிழா ஆக்குவது

பதினைந்து பேர் சுற்றி நின்று கைமாற்றிக் கைமாற்றி செல்ஃபி எடுத்தால் குட்டி கற்றுக்கொள்வது ஒன்றுதான்: மனிதர்களிடமிருந்து தப்பிக்க வழி கிடையாது. குட்டி தானாக நடந்து வந்தால் தொடுங்கள், விலகினால் விட்டுவிடுங்கள்.

எட்டு வாரத்துக்கு முன்பே கொடுத்துவிடுவது

வேண்டாம். எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் கூடப் பிறந்த குட்டிகள்தான் சொல்லித் தரும்.

ஒரே வீட்டுக்கு இரண்டு

ஒன்றுக்கொன்று துணை என்பார்கள். எனக்கு, இன்னொரு குட்டியின் விலாவோடு ஒட்டியே வளர்ந்த அந்த ஆறாவது குட்டிதான் ஞாபகம் வரும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் வைப்பது

முதல் கார் பயணம், முதல் கூண்டு, முதல் குளியல், ஊசி, தனியாக முதல் ராத்திரி. இத்தனையும் குட்டியை அனுப்பும் அதே நாளில். பார்க்க அழகாக இருக்கட்டும் என்று காலையில் ஷாம்பூ போட்டு அனுப்பியவன்தான் நானும். காரையும் கூண்டையும் ஏழாம் வாரத்திலேயே காட்டிவிடுங்கள், வண்டி நகராவிட்டாலும் பரவாயில்லை. குளியல் தேவையே இல்லை. ஒரு பழைய துணியை மூன்று நாள் தாயின் படுக்கையில் போட்டு வைத்து, அதைக் குட்டியோடு கொடுத்தனுப்புங்கள். துவைக்கக் கூடாது என்று இரண்டு தடவை சொல்லுங்கள். நான் ஒரு தடவைதான் சொன்னேன். அந்த அம்மா சோப்புப் போட்டு அலசிக் காயப்போட்டுவிட்டு, குட்டி ராத்திரி முழுக்க அழுகிறது என்று போன் செய்தார்.