இன்ஹெரிட்டன்ஸா, ரோலா? பெர்ல் மூஸில் முடிவு செய்வது எப்படி

மூஸ் என்பது பெர்ல் மொழியில் கிளாஸ்கள் எழுத உதவும் தொகுப்பு. அதில் ஒரு கிளாஸை இன்னொரு கிளாஸின் வாரிசாக்க (இதுதான் இன்ஹெரிட்டன்ஸ்) 'எக்ஸ்டெண்ட்ஸ்' எழுதும் முன் ஒன்றைக் கேளுங்கள்: சேமிப்புக் கணக்கு என்பது ஒரு வங்கிக் கணக்குதானா? ஆமாம் என்றால் இன்ஹெரிட்டன்ஸ் சரி. ஆனால் கணக்கு, வாடிக்கையாளர், ரசீது என்று ஒன்றுக்கொன்று உறவே இல்லாத மூன்று கிளாஸ்களுக்கும் பிரிண்ட் வசதி வேண்டும் என்பதற்காகப் பொதுவாக ஒரு அப்பா கிளாஸை உருவாக்காதீர்கள் (நானும் செய்து மாட்டியிருக்கிறேன்). அதைத் தனி ரோலாக (எந்தக் கிளாஸிலும் சேர்த்துக்கொள்ளக்கூடிய மெத்தட்களின் தொகுப்பாக) எழுதி, வேண்டிய கிளாஸில் 'வித்' போட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். ரோலுக்குத் தேவையான மெத்தடை 'ரிக்வயர்ஸ்' என்று சொல்லிவைத்தால், அது இல்லாத கிளாஸில் சேர்க்கும்போதே பிழை வந்துவிடும்.

அப்புறம், ஒரே 'வித்' வரியில் வரும் இரண்டு ரோல்களில் ஒரே பெயரில் மெத்தட் இருந்தால் மூஸ் தானாக எதையும் தேர்ந்தெடுக்காது, பிழை காட்டும்; அந்த மெத்தடைக் கிளாஸிலேயே நீங்கள் எழுதியாக வேண்டும். தனித்தனி 'வித்' வரிகளாகப் போட்டால் இந்தப் பிழை வராது, முதலில் வந்தது சத்தமில்லாமல் ஜெயித்துவிடும்.